கழுத்து நாளத்தைக் காட்டும் கேளாத ஒலி

கடும் நோயுற்று வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடக்கும் உறவினரைப் பார்க்கச் செல்வோர், அவருடைய கழுத்தின் ஓரத்தில் மெல்லிய குழாயொன்று பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டு திடுக்கிடுவதுண்டு. கையிலே சேலைன் ஏற்றுவதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அது நமக்கு அச்சம் தருவதில்லை. கழுத்து என்றதும் நெஞ்சு பதைக்கின்றது. "கழுத்திலே ஏன் குத்தினார்கள்? கையிலே இடமில்லையா?" என்று தாய்மார் கேட்பர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுவதும், அவ்வாறு குத்தும் வேளையில் ஊசி எங்கே செல்கின்றது என்பதை வைத்தியர் எவ்வாறு அறிகின்றார் என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையிலன்றிக் கழுத்திலே ஏன்?

கையிலுள்ள நாளங்கள் சிறியவை. அவற்றிலே இரத்தம் மெதுவாகவே ஓடும். நோயாளியின் இரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்டபோது அதனை உயர்த்துவதற்குக் கொடுக்கப்படும் நோரட்ரினலின் போன்ற மருந்துகள் மிகுந்த வீரியமுடையவை. சிறு நாளத்திலிருந்து அவை வெளியே கசிந்தால் அவ்விடத்துத் தசை அழிந்து புண்ணாகிவிடக்கூடும். வாயால் உண்ண முடியாதவருக்கு முழு உணவையும் நாளத்தின் வழியாகவே செலுத்த நேர்ந்தால், அக்கரைசலின் செறிவைச் சிறு நாளங்கள் தாங்கமாட்டா, அழன்று அடைபட்டுப்போகும். சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தாற் சுத்திகரிக்கும்போது நிமிடத்துக்கு 200, 300 மில்லிலீற்றர் இரத்தம் உடலிலிருந்து வெளியே வந்து மீண்டும் உள்ளே செல்லவேண்டும். அவசரமாக அதனைத் தொடங்கவேண்டிய வேளையிற் கையின் மேலோட்டமான நாளம் அதற்கு ஈடுகொடாது.

உடலின் மேற்பாகத்து இரத்தமெல்லாம் திரண்டு இதயத்துட் புகும் வழியை மேற்பெருநாளம் என்பர். ஏறக்குறைய 2 சதமமீற்றர் அகலமுள்ள அந்நாளத்திலே விழும் மருந்து, பெருவெள்ளத்தில் விழுந்த துளிபோல அக்கணமே ஐதாகிவிடும். கழுத்தின் வலப்புறத்திலுள்ள உட்கழுத்து நாளமோ ஏறத்தாழ நேர்க்கோட்டில் இறங்கி அப்பெருநாளத்தை அடைகின்றது. ஆகவே 15 முதல் 20 சதமமீற்றர் நீளமான குழாயைக் கழுத்திலே புகுத்தி, அதன் நுனியை இதயத்தின் வாயில்வரை கொண்டுசெல்கின்றனர். இதுவே மைய நாளக் குழாய் எனப்படுவது. கழுத்தைத் தெரிவுசெய்தது கொடுமையினாலன்று. வழி நேரானது என்பதனாலேயே.

தன்னையே சோதித்த இளைஞர்

இதயத்துக்குள் ஒரு குழாயைச் செலுத்தலாம் என்ற எண்ணமே ஒருகாலத்திற் பைத்தியக்காரத்தனமாகக் கருதப்பட்டது. 1929ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே எபர்ஸ்வால்ட் என்னும் சிறு நகரத்து வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வேர்னர் போர்ஸ்மன் என்பவர் இவ்வெண்ணத்தைத் தம் தலைமை வைத்தியரிடம் கூறினார். அனுமதி கிடைக்கவில்லை. அவரோ பின்வாங்கவில்லை. தம்முடைய இடக்கையின் நாளத்தைத் தாமே திறந்து, சிறுநீர்க் குழாய்களிற் பயன்படும் மெல்லிய இறப்பர்க் குழாயொன்றை அதனுள்ளே 65 சதமமீற்றர்வரை செலுத்தினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

அதன்பின் அவர் செய்ததையே வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். குழாய் கையிலே தொங்க, அவர் எழுந்து நடந்து எக்ஸ் கதிர் அறைக்குச் சென்றார். அங்கே கதிர்த்திரையின்முன் நின்று, தாதி பிடித்த கண்ணாடியிலே குழாயின் நுனி இதயத்தை அடைந்திருப்பதைத் தம் கண்ணாற் பார்த்தார். அதனைப் படமாகவும் எடுப்பித்தார். குழாயைச் செலுத்தியதோடு அவர் மனம் அமையவில்லை. அது சென்ற இடத்தைக் கண்ட பின்னரே அமைந்தது.

அக்காலத்துப் பெரியோர் அவரைப் பாராட்டவில்லை. அவரும் இதய ஆராய்ச்சியைக் கைவிட்டுச் சிறுநீரக நோய் வைத்தியரானார். அமெரிக்காவிலே கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் அவருடைய வழியைப் பின்பற்றி ஆராய்ந்து பெரும்பயன் கண்டனர். 1956இல் அம்மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு ஒருங்கே வழங்கப்பட்டது.

காணாது குத்திய காலம்

1952இல் ஓபனியாக் என்ற பிரெஞ்சு வைத்தியர் காறையெலும்பின் கீழேயுள்ள பெரிய நாளத்தை ஊசியால் அடையும் முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே சுவீடன் நாட்டு வைத்தியரான செல்டிங்கர், கத்தியால் வெட்டித் திறவாமலே குழாய் புகுத்தும் எளிய உபாயமொன்றைக் கூறினார். நாடிகளிலே சாயம் செலுத்திக் கதிர்ப்படம் எடுப்பதற்காகவே அவர் அதனைக் கண்டுபிடித்தார். முதலில் ஊசியைச் செலுத்துக. ஊசியினூடே வளையக்கூடிய மெல்லிய கம்பியொன்றை அனுப்புக. கம்பியை உள்ளே விட்டு ஊசியை எடுத்துவிடுக. கம்பியின்மேற் கோத்துக் குழாயை உள்ளே தள்ளுக. ஈற்றிற் கம்பியை உருவுக. இவ்வளவே. நாளத்திற் பெரிய குழாய் புகுத்தும்போது இடையே இன்னொரு படி உண்டு. துளையை அகலமாக்குவதற்கு உறுதியான விரிகுழாய் ஒன்றைக் கம்பியின்வழியே செலுத்தி எடுப்பர். இந்தப் படியை நினைவில் வைத்திருக்குமாறு வாசகரை வேண்டுகிறோம். ஆபத்தின் திறவுகோல் இங்கேதான் இருக்கின்றது.

உபாயம் சிறந்ததே. ஆனால் முதல் ஊசி நாளத்தைச் சேர்வது எப்படி? தோலின் கீழுள்ளது கண்ணுக்குத் தெரியாது. வைத்தியர் கழுத்துத் தசையின் இரு கிளைகளும் காறையெலும்பும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தைக் கண்டுகொள்வார். விரலால் நாடியின் துடிப்பை உணர்வார். அதற்குச் சற்று வெளிப்புறமாக ஊசியைச் சாய்த்துச் செலுத்துவார். பாடநூலிலுள்ள படத்தின்படி நாளம் அங்கேயே இருக்கவேண்டும். பெரும்பாலும் இருக்கும். ஆனால் மனித உடல் பாடநூலைப் பார்த்து அமைந்ததன்று. சிலருக்கு நாளம் நாடியின் நேர்மேலே கிடக்கும். சிலருக்கு மிகச் சிறுத்திருக்கும். முன்னர் குழாய் வைக்கப்பட்டவருக்கு உறைந்த இரத்தத்தால் அடைபட்டிருக்கும். உடலில் நீர் வற்றியவருக்குச் சுருங்கித் தட்டையாகிவிடும்.

அருகிலிருப்பவையோ தவறிப் பட்டாற் பெருந்தீங்கு விளைப்பவை. மூளைக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரசுநாடி நாளத்தின் பக்கத்திலேயே ஓடுகின்றது. காறையெலும்பின் அண்மையிலே சுவாசப்பையின் உச்சி இருக்கின்றது. அங்கே ஊசி பட்டாற் காற்றுக் கசிந்து நெஞ்சறையிலே தேங்கிச் சுவாசப்பை சுருங்கிவிடும். குழாய் வைத்தபின் எக்ஸ் கதிர்ப்படம் எடுப்பது வழக்கமாயிற்று. ஆயினும் அப்படம் நடந்து முடிந்ததையே காட்டும், நடக்கவிருப்பதைத் தடுக்கமாட்டாது. போர்ஸ்மன் தேடிய காட்சி ஊசிக்கு முந்தாமற் பிந்தியே வந்தது.

ஒலியாற் காணும் வித்தை

இந்தக் குறையைத் தீர்த்தது ஒளியன்று, ஒலி. மனிதச் செவி செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே கேட்கும். அதற்கு மேற்பட்ட அதிர்வுடையதைக் கழியொலி என்பர். பொதுமக்கள் ஸ்கேன் என்று வழங்குவது இதனையே பயன்படுத்தும் கருவியை. 1880இல் பிரான்ஸ் நாட்டுச் சகோதரர்களான ஜாக் கியூரி, பியேர் கியூரி என்போர், சில பளிங்குகளை அமுக்கினால் அவற்றில் மின் தோன்றும் என்று கண்டனர். மறுதலையாக, மின்னைக் கொடுத்தால் அப்பளிங்கு அதிரும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஆகவே ஒரே பளிங்கு வாயாகவும் செவியாகவும் தொழிற்படவல்லது. முதலாம் உலகப் போரின்போது பிரெஞ்சு அறிஞர் லாஞ்செவின், கடலடியிற் பதுங்கும் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய இத்தத்துவத்தைப் பயன்படுத்த முயன்றார்.

இரும்புத் தகட்டிலுள்ள வெடிப்பைக் கண்டறியவும் கழியொலி பின்னர் பயன்பட்டது. 1955இல் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று வைத்தியப் பேராசிரியரான இயன் டொனால்ட், கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்றுக்குச் சென்று, சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை அக்கருவியாற் சோதித்துப் பார்த்தார். நீர் நிறைந்த கட்டியும் திண்மையான கட்டியும் வெவ்வேறு எதிரொலி கொடுத்தன. 1958இல் அவரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட கட்டுரையே, இன்று கருப்பையிலுள்ள குழந்தையைத் தாய்மார் திரையிற் காண்பதற்கு வழிவகுத்தது.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மென்தசையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர். நாளம் தோலிலிருந்து 2 சதமமீற்றர் ஆழத்திலிருந்தால், ஒலி போய்த் திரும்பும் தூரம் 4 சதமமீற்றர். அதற்கு வேண்டிய நேரம் ஒரு செக்கனின் 38,500இல் ஒரு பங்கு. கருவி இந்நேரத்தை அளந்து, எதிரொலி எவ்வளவு ஆழத்திலிருந்து வந்ததென அறிந்து, திரையிலே ஒரு புள்ளியை இடுகின்றது. இத்தகைய புள்ளிகள் எண்ணிறந்தன சேர்ந்து படமாகின்றன. செக்கனுக்கு ஒரு கோடி அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 0.154 மில்லிமீற்றர் மாத்திரமே. ஆதலாற் சிறு பொருளும் தெளிவாகத் தெரியும். ஆனால் அதிர்வு கூடக்கூட ஒலி விரைவிலே தேய்ந்துபோகும், ஆழத்தைக் காணமுடியாது. கழுத்து நாளம் தோலுக்கு அண்மையிற் கிடப்பது இக்கருவிக்கு வாய்ப்பாயிற்று.

காற்றும் எலும்பும் இவ்வொலிக்குத் தடைகள். அதனாலேயே தோலுக்கும் கருவிக்குமிடையே காற்று நில்லாதபடி வழுவழுப்பான பசையொன்றைப் பூசுகின்றனர். காறையெலும்புக்குக் கீழே கிடக்கும் நாளத்தைப் பார்ப்பது கடினமாவதும் அதனாலேயே.

ஊசி செல்லும் வழி

1978இல் அமெரிக்க வைத்தியர் இருவர், ஓடும் இரத்தத்தின் ஒலிமாற்றத்தைக் கேட்டுக் கழுத்து நாளத்தின் இடத்தை அறியும் முறையை வெளியிட்டனர். 1986இல் ஜப்பானிய வைத்தியர், ஊசி செல்லும்போதே நாளத்தைத் திரையிற் பார்க்கும் முறையை அறிவித்தனர்.

இம்முறையை இன்று கையாளும் வைத்தியர், நோயாளியின் தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்திக் கிடத்துகின்றார். இதனால் நாளம் நிறைந்து பருக்கும்; காற்று உள்ளே இழுபடும் ஆபத்தும் குறையும். கிருமியகற்றிய உறையிட்ட கருவியைக் கழுத்தின் குறுக்கே வைத்ததும், திரையிலே கரிய வட்டங்கள் இரண்டு தோன்றும். இரத்தம் எதிரொலியை அதிகம் அனுப்பாதாகையால் நாளமும் நாடியும் கறுப்பாகவே தெரியும். இவற்றுள் எது எது? கருவியால் மெல்ல அழுத்தினால், மெல்லிய சுவருடைய நாளம் தட்டையாகி மறையும். தடித்த சுவருடைய நாடி வட்டமாகவே நின்று துடிக்கும். அழுத்தியும் நாளம் மடங்கவில்லையென்றால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அங்கே குத்துதல் தகாது என்பதும் ஊசியை எடுக்குமுன்னரே தெரிந்துவிடும்.

ஊசி உள்ளே சென்றதும் வெண்மையாக ஒளிரும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தில் ஊசி ஒரு வெண்புள்ளியாகவே தெரியும். கரும்பை எங்கே குறுக்கே வெட்டினாலும் வட்டமே தோன்றும். அது நுனியா நடுவா என்று அவ்வெட்டைக்கொண்டு சொல்லமுடியாது. அதுபோல, நாளத்தினுள்ளே தெரியும் புள்ளி ஊசியின் நுனியாகவும் இருக்கலாம். நுனி நாளத்தின் பின்சுவரையும் துளைத்துக்கொண்டு அப்பாற் சென்றிருக்க, நடுப்பகுதி மாத்திரம் தெரிவதாகவும் இருக்கலாம். ஆகவே பயிற்சியுடையவர் ஊசி முன்னேறுந்தோறும் கருவியையும் அசைத்து நுனியையே தொடர்ந்து செல்வர். அல்லது கருவியைத் திருப்பி ஊசியின் முழு நீளத்தையும் பார்ப்பர். திரையிருந்தாற் போதாது, திரையை வாசிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும்.

கைத்திறனும் கருவியும்

புதுமுறையை எல்லோரும் உடனே வரவேற்கவில்லை. விரலாலே நாளத்தைக் கண்டுபிடித்துப் பழகிய வைத்தியருள்ளே பலர், "நம் கை அறியாததையா இப்பெட்டி அறியப்போகின்றது?" என்று எண்ணினர். அதனை வெறுஞ் செருக்கென்று தள்ளிவிடல் முறையன்று. பல்லாண்டுப் பயிற்சியால் வந்த கைத்திறன் அற்பமானதன்று. கருவி இல்லாத வைத்தியசாலையில், நள்ளிரவில், உயிர் ஊசலாடும் வேளையில் அத்திறனே துணை. கருவியையே நம்பி வளரும் இளைஞர், கருவி பழுதானபோது என்செய்வர் என்ற ஐயமும் நியாயமானதே.

ஆயினும் பலர் கைத்திறனையும் கூட்டிப் பார்த்தால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. 2006இல் ஏதென்ஸ் நகரத்து வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கடும் நோயாளர் 450 பேருக்குக் கழியொலியைக்கொண்டும், வேறு 450 பேருக்குப் பழைய முறையினாலும் கழுத்திற் குழாய் வைக்கப்பட்டது. கழியொலி முறையில் 450 பேருக்கும் குழாய் வைக்க முடிந்தது. பழைய முறையில் 425 பேருக்கே முடிந்தது. சிரசுநாடியிலே தவறி ஊசி பட்டவர் பழைய முறையில் நூற்றுக்கு 10.6 பேர், புதிய முறையில் 1.1 பேர். சுவாசப்பையில் ஊறுபட்டுக் காற்றுக் கசிந்தவர் பழைய முறையில் 2.4 வீதம், புதிய முறையில் ஒருவருமில்லை. குழாய்வழி வரும் கிருமித் தொற்றும் புதிய முறையிலே குறைந்திருந்தது. பன்முறை குத்தாமல் ஒருமுறையிலே முடித்துவிட்டாற் காயமும் தொற்றும் குறைவது இயல்புதானே! இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 2002ஆம் ஆண்டிலேயே, அவசரமின்றித் திட்டமிட்டு உட்கழுத்து நாளத்திற் குழாய் வைக்கும்போது கழியொலிப் படத்தைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்திருந்தது.

கைத்திறனையும் கருவியையும் பகையாக்கவேண்டியதில்லை. தசையும் எலும்பும் நாடியும் எங்கே கிடக்கும் என்று அறியாதவருக்குத் திரையிலே தெரிவது வெறும் கருமையும் வெண்மையுமே. பழைய அறிவு உள்ளவருக்கே புதிய படம் பொருள் தரும்.

தீர விசாரிப்பதே மெய்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்று நம் நாட்டார் கூறுவர். ஒலியைக் காட்சியாக்கும் இக்கருவியைக் கையாள்வோருக்கு இப்பழமொழி மிகப் பொருந்தும். ஊசியை நாளத்திற் கண்டதோடு வேலை முடியவில்லை.

மேலே கூறிய விரிகுழாயை இப்போது நினைத்துக்கொள்க. மெல்லிய ஊசி தவறி நாடியிற் பட்டால், ஊசியை எடுத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தாற் பெரும்பாலும் இரத்தம் நின்றுவிடும். ஆனால் அது நாடி என்றறியாமல் அதன்மேல் விரிகுழாயைச் செலுத்திவிட்டாற் சிறு துளை பெருந்துளையாகும்; சத்திரசிகிச்சையே தேவைப்படலாம்; மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படவும் கூடும். சிறு தவறு பெருந்தவறாவது இந்த ஒரு படியிலேதான். ஆகையால் விரிகுழாயைக் கையில் எடுக்குமுன் வைத்தியர் மீண்டும் கருவியை வைத்து, கம்பி நாளத்தினுள்ளேதான் கிடக்கின்றதா என்று பார்க்கவேண்டும். வெண்ணிறக் கோடாக அக்கம்பி நாளத்தினூடே இறங்கிச் செல்வதைக் கண்ட பின்னரே அடுத்த படி. இதற்கு வேண்டியது அரை நிமிடம். காப்பாற்றப்படுவது ஓர் உயிர்.

குழாய் புகுந்த பின்னும் இரண்டு கேள்விகள் உள. முதலாவது, நுனி உரிய இடத்தை அடைந்ததா என்பது. குழாய் சிலவேளை வழிதவறிக் கைநாளத்துக்குத் திரும்பிவிடுவதுமுண்டு. இதனை அறிய ஓர் அழகிய உபாயம் இருக்கின்றது. உப்பு நீரை நன்றாகக் குலுக்கினால் அதில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் தோன்றும். அந்நீரைக் குழாயிற் செலுத்திக்கொண்டே இதயத்தைக் கழியொலியாற் பார்த்தால், குழாய் சரியான இடத்தில் இருக்குமாயின் இரண்டு செக்கனுக்குள் வலச் சோணையறையிற் குமிழிகள் வெண்பொரி சிந்தினாற்போலத் தோன்றும். நேரம் தாழ்த்தாலும் தோன்றாதுவிட்டாலும் ஐயப்படவேண்டும். இரண்டாவது, சுவாசப்பைக்கு ஊறு நேர்ந்ததா என்பது. மூச்சு வாங்கும்போது சுவாசப்பையைப் போர்த்திய சவ்வு நெஞ்சுச் சுவரின் உட்புறத்தில் வழுக்கி அசைவதைத் திரையிற் காணலாம். அவ்வசைவு தெரிந்தால் அவ்விடத்திற் காற்றுத் தேங்கவில்லை என்று தெளியலாம். இவற்றோடு எக்ஸ் கதிர்ப்படமும் இன்றும் பல இடங்களில் எடுக்கப்படுகின்றது. ஒரு சாட்சியைவிட இரு சாட்சிகள் நன்றல்லவா?

குடும்பத்தார்க்கு ஒரு சொல்

வீட்டிலொருவருக்குக் கழுத்திற் குழாய் வைக்கவேண்டுமென்று வைத்தியர் கூறிக் கையொப்பம் கேட்டாற் கலங்கவேண்டியதில்லை. எதற்காக வைக்கப்படுகின்றது, கழியொலிக் கருவி பயன்படுமா, வைத்தபின் எவ்வாறு உறுதிசெய்யப்படும் என்று பணிவுடன் கேட்கலாம். அறிந்த வைத்தியர் இக்கேள்விகளைக் குறையாகக் கொள்ளார். கருவியைப் பார்த்துப் பார்த்து வைக்கின்றவரைக் கைத்திறன் அற்றவரென்று நாமும் இழிவாக எண்ணலாகாது. ஒரே குத்தில் முடிப்பவரே கெட்டிக்காரர் என்ற எண்ணம் நம்மவரிடையே உண்டு. குத்துமுன் பார்த்து, குத்தும்போது பார்த்து, குத்தியபின்னும் பார்ப்பவரே கெட்டிக்காரர்.

1929இலே போர்ஸ்மன் கையிற் குழாயோடு நடந்துபோய்த் தேடிய காட்சி, இன்று நோயாளியின் தலைமாட்டுக்கே வந்துவிட்டது. நின்று பார்க்கும் பொறுமையை மாத்திரம் எந்த இயந்திரமும் தரமாட்டாது. அது வைத்தியரிடமிருந்தே வரவேண்டும்.